நம் வட்டாரத்தில் நீதிமன்றமும் காவல் நிலையமும்

வெள்ளிவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, கல்வியின் மேன்மையைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். தலைமையாசிரியர் ஒருவரிடம் எவரும் எதிர்பார்ப்பது அதுவே. ஆயினும், இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கக் கட்டிடத்தின் படியேறி வந்தவர்களுள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க உதவி கேட்டு வந்தவர்களைவிட, “ஐயா, ஒரு மனு எழுதித் தாருங்கள்” என்று வந்தவர்களே மிகுதி. ஆகவே, நம் மக்கள் நீதியைத் தேடிச் சென்ற வாயில்கள் எவை, அவை யாரால் எப்போது திறக்கப்பட்டன என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டு இக்கட்டுரையை வரையத் துணிந்தோம்.

பழைய தஞ்சை மாவட்டத்தில் நம் முன்னோர்க்கு நீதிமன்றம் என்பது மிராசுதாரரின் களத்துமேடுதான். வழக்குத் தொடுப்பவரும் அவரே, விசாரிப்பவரும் அவரே, தண்டிப்பவரும் அவரே. மாடு வரப்பு மீறினாலும், ஆள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் சாட்டையடியும் சாணிப்பாலும் தீர்ப்பாக அமைந்தன. சட்டத்தின்முன் நம்மவர் எந்த நிலையில் இருந்தனர் என்பதை ஓர் ஏட்டிலிருந்தே காட்டலாம். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1816ஆம் ஆண்டு இயற்றிய 11ஆம் ஒழுங்குவிதி, கிராமத் தலைவர்க்குக் காவல் அதிகாரம் வழங்கிற்று. சிறு குற்றம் செய்தவரைப் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம் என்றது. குற்றவாளி தாழ்ந்த சாதியினராயின், ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டலாம் என்றும் கூறிற்று. தொழுமரம் என்பது கால்களைத் துளையிட்ட கட்டையில் புகுத்திப் பூட்டி, ஊரார் காண உட்கார வைப்பது. ஒரே குற்றத்திற்குச் சாதி பார்த்து இரு தண்டனை! மனு நூலைக் குறை கூறும் நாம், கம்பெனியாரின் அச்சிட்ட சட்டத்திலும் அதன் நிழல் விழுந்திருந்ததை மறத்தலாகாது.

இதில் ஒரு விந்தை உண்டு. நீதி வழங்கும் இடத்தில் நம்மவர்க்கு இடமில்லை. ஆனால் அந்நீதியைச் சுமந்து திரியும் வேலை நம்மவர்க்கே இருந்தது. வரிப்பணத்தைத் தாலுகாக் கச்சேரிக்குச் சுமந்து சென்றவர் வெட்டியார். ஊர் எல்லை குறித்துத் தகராறு வந்தால், எல்லைக்கல் எங்கே இருந்தது என்று சொல்ல அழைக்கப்பட்டவரும் அவரே. அவர் நடந்து காட்டிய வழியே எல்லையாகக் கொள்ளப்பட்டது. நிலத்தின் எல்லையை அறிந்தவர்க்கு ஒரு குழி நிலமும் இல்லை.

அடிமை முறைக்கு நீதிமன்றம் துணைநிற்கலாகாது என்னும் சட்டம் 1843இல் வந்தது. அதன்பின் அடிமையை என் உடைமை என்று சொல்லி எவரும் நீதிமன்றத்தில் வழக்காட இயலாமற் போயிற்று. அடிமையை வாங்குதலும் விற்றலும் குற்றம் என்பது, 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தால் உறுதியாயிற்று. ஆனால் ஒரு கதவை அடைத்த கை மற்றொரு கதவைத் திறந்து வைத்தது. 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டு அகன்றால், அவன் மாஜிஸ்திரேட்டின்முன் நிறுத்தப்பட்டான். வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும். அன்றேல் வேலைக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. இச்சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. காவலர் வருகிறார் என்றால் நம் சேரியில் ஆண்கள் வயலுக்குள் ஓடி ஒளிந்த வழக்கம் வெறும் கோழைத்தனத்தால் வந்ததன்று என்பதை இளைஞர்கள் உணர்தல் வேண்டும்.

காவல்துறையின் பிறப்பையும் இங்கே சொல்லிவிடுவோம். வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் அதிகாரிகள் மக்களைச் சித்திரவதை செய்கின்றனர் என்னும் முறையீடுகளை ஆராய்ந்த குழு, 1855இல் தன் அறிக்கையை அளித்தது. வரி வாங்குவோரும் காவல் செய்வோரும் ஒருவராகவே இருப்பது தீங்கின் வேர் என்று கண்டு, 1859இல் சென்னை மாகாணத்திற்குத் தனிக் காவல்துறை சட்டத்தால் அமைக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் சென்னையில் 1862இல் தோன்றிற்று. கிராமத்திலோ கிராம முன்சீப்பே வரி வாங்கினார். அவரே காவலுக்கும் பொறுப்பு. சிறு வழக்குகளையும் அவரே விசாரித்தார். இப்பதவியும் தந்தைக்குப்பின் மகன் என்று ஒரே குடும்பத்தில் வழிவழி வந்தது. பதவியைப் பரம்பரை உரிமையாக வழங்குதல் அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 1960இல் தீர்ப்பளித்த பின்னரும் பழைய குடும்பங்களின் பிடி எளிதில் தளரவில்லை. பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளைத் தமிழக அரசு 1980இல் ஒழித்தது. அப்போது நாம் தொடக்கப்பள்ளி மாணவர். முன்சீப் வீட்டுத் திண்ணைக்குக் கீழே தலையில் துண்டில்லாமல் நின்று பழகிய எம் பாட்டனார், புதிதாக வந்த கிராம நிர்வாக அலுவலர் “உட்காருங்கள்” என்று சொன்னபோது, உட்காராமலே திரும்பி வந்துவிட்டார். “எங்கே உட்காருவது என்று தெரியவில்லை” என்று வீட்டில் சொன்னார்.

நீதிமன்றக் கட்டிடத்திற்குள் நுழையும் உரிமையும்கூடத் தானாக வந்ததன்று. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட வகுப்பார் பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் பிறந்தது. எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1938இல் சமூக இயலாமைகள் நீக்கச் சட்டம் வந்தது. இவ்விருவர் பெயரையும் நம் பிள்ளைகள் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்வது வருந்தத்தக்கது.

தஞ்சையில் களத்துமேட்டு நீதி அசைந்தது 1944இல். பி. சீனிவாசராவ் போன்றோர் விவசாயத் தொழிலாளரைத் திரட்டிப் போராடியதன் பயனாக மன்னார்குடியில் உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. சாட்டையடியும் சாணிப்பாலும் நிறுத்தப்பட வேண்டும் என்பது அதில் இடம்பெற்றது. 1952இன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுத்து, தகராறுகளைத் தீர்க்க அதிகாரிகளை அமர்த்திற்று. 1971இன் குடியிருப்பு மனைச் சட்டம் மிராசுதாரர் நிலத்தில் குடிசை போட்டிருந்தோர்க்கு அம்மனையை உரிமையாக்கிற்று. அவற்றிற்கிடையே, 1968 டிசம்பர் 25 இரவில், கீழவெண்மணியில் நாற்பத்து நான்கு உயிர்கள் ஒரு குடிசையில் எரிந்தன. நாகப்பட்டினத்தில் விசாரணை நடந்து 1970இல் தண்டனை வழங்கப்பட்டது. உயர் நீதிமன்றமோ, செல்வம் மிக்க நிலவுடைமையாளர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்தனர் என்பது நம்பத்தக்கதன்று என்று கருதி, அவர்களை விடுவித்தது. இதற்குமேல் இதுபற்றி எழுத எமக்குக் கை ஓடவில்லை.

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு கூறிற்று. அதற்குத் தண்டனை வகுத்த 1955ஆம் ஆண்டுச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமெனப் பெயர் மாறிக் கடுமையாக்கப்பட்டது. அதுவும் போதாமையால் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் இருந்தும் ஒரு வழக்கு எவ்வாறு கைநழுவிப் போகும் என்பதற்கு எம் சொந்தப் பிழையையே சான்றாகக் கூற வேண்டியுள்ளது.

1996ஆம் ஆண்டு. நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. அண்டைக் கிராமத்துத் தேநீர்க் கடையில் நம்மவர் ஒருவர், கொட்டாங்கச்சி வேண்டாம், எல்லோர்க்கும் தரும் குவளையில் தேநீர் தாருங்கள் என்று கேட்டார். கடைக்காரரும் அங்கிருந்த இருவரும் அவரைச் சாதிப் பெயர் சொல்லி ஏசி அடித்தனர். அன்றிரவு புகார் மனுவை எழுதியது நாம்தான். பி.ஏ., பி.எட். படித்தவர் எழுதிய மனு ஆயிற்றே! எழுத்து அழகாக இருந்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன அந்தச் சொல்லை எழுத எமக்குக் கூசிற்று. எம் கையாலேயே எம் மக்களை இழிக்கும் சொல்லை எப்படி எழுதுவது என்று எண்ணி, “தகாத வார்த்தைகளால் திட்டினர்” என்று முடித்துவிட்டோம். அடிபட்டவர் இன்ன வகுப்பினர், அடித்தவர்கள் இன்ன வகுப்பினர் என்பதையும் குறிக்கவில்லை. கடையில் யார் யார் இருந்து பார்த்தனர் என்பதையும் குறிக்கவில்லை. காவல் நிலையத்தில் அம்மனுவை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, தண்டனைச் சட்டத்தின் 294, 323 ஆகிய பிரிவுகளில் பதிவு செய்தனர். வன்கொடுமைச் சட்டம் சேர்க்கப்படவில்லை. ஏன் என்று கேட்டபோது, “ஐயா எழுதினதுல சாதி எங்கே இருக்கு?” என்று ஏட்டு ஒருவர் மனுவை எம்மிடமே நீட்டினார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர்கள் அன்று மாலையே கடையைத் திறந்தனர். அடிபட்டவர் எம்மை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் நலமாக இருந்திருக்கும்.

ஆதலின், இன்றுள்ள நிலையைச் சற்று விரித்துரைக்கிறோம். சாதிப் பெயர் கூறி இழிவுபடுத்தினால், சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுத வேண்டும். இடம், நேரம், உடனிருந்தோர், இரு தரப்பாரின் வகுப்பு ஆகிய யாவும் மனுவில் இருத்தல் வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் காவலர் அதை எழுதி, படித்துக் காட்டி, அதன்பின்பே கையொப்பம் பெற வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தச் சட்டம் கூறுகிறது. இதை வேண்டுமென்றே செய்யத் தவறும் அரசு ஊழியர் பட்டியல் வகுப்பினர் அல்லாதவராயின், அவருக்கே தண்டனை உண்டு. முதல் தகவல் அறிக்கையின் படி இலவசம். நம் ஊர்களில் பெரும்பாலும் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது மட்டுமே. அது வழக்குப் பதிவு ஆகாது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிறைவோடு வீடு திரும்பியவர் பலர். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். அதற்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரை அணுகலாம். 2024 ஜூலை 1 முதல் வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவ்வழிகள் உள்ளன. வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். சார்பு ஆய்வாளர் செய்த புலனாய்வு என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடியான வழக்குகள் உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டத்திற்கு வரையறை விதித்தபோது நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் திருத்தம் செய்ய, 2020இல் அத்திருத்தம் செல்லும் என உச்ச நீதிமன்றமே ஏற்றது. எனவே முன்விசாரணை செய்த பின்னரே பதிவு செய்வோம் என்று எவரும் கூற இடமில்லை.

நிலம், வாய்க்கால், கடன் ஆகிய வழக்குகள் வட்டத் தலைநகரின் உரிமையியல் நீதிமன்றத்திலும், தொகை மிக்கவை சார்பு நீதிமன்றத்திலும் நடைபெறும். மேல்முறையீடு என்று வந்தால், தஞ்சை மாவட்டத்தார் 2004இல் திறக்கப்பட்ட மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகை மாவட்டத்தார் சென்னைக்கும் செல்ல வேண்டும். ஒரே ஆற்றுப் பாசனத்தில் உழைக்கும் அண்ணன் தம்பிகள் வெவ்வேறு திசையில் பேருந்து ஏறுகின்றனர்! வழக்கறிஞர்க்குப் பணம் இல்லையே என்று தயங்குவோர், நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியல் வகுப்பினர்க்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இவ்வுரிமையை அறியாமல் தாலிச் சங்கிலியை அடகு வைத்தவர்களை நாம் அறிவோம்.

சென்ற ஆண்டு, எம்மிடம் பத்தாம் வகுப்பு வரை பயின்ற பெண்ணொருத்தி தன் தம்பி அடிபட்ட செய்தியோடு மாலையில் எம் வீட்டிற்கு வந்தாள். மனு எழுதப் பேனாவை எடுத்தோம். “எழுதிக் கொடுத்துட்டுத்தான் வர்றேன் ஐயா, சரியா இருக்கான்னு பாருங்க” என்று படியை நீட்டினாள். நாள், நேரம், இடம், சாட்சிகள் யாவும் இருந்தன. அந்தச் சொல்லும் இருந்தது, முழுமையாக. எழுத்துப் பிழை இரண்டு இருந்தன. நாம் அவற்றைத் திருத்தவில்லை. வழக்கு இப்போது சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணையில் உள்ளது.