படத்தில் காணாத நீர்: பம்பாய்த் தீயணைப்புப் படையின் பழம் ஒளிப்படங்கள் குறித்து

ஒரு நகரத்துத் தீயணைப்புப் படையின் பழைய ஒளிப்படங்களை வரிசைப்படுத்திக் காண்பவர்க்கு முதலில் புலப்படுவது, அவற்றில் தீ இல்லை என்பதாகும். நிலையத்தின் வாயிலில் வண்டி நிற்கிறது, குதிரைகள் பூட்டப்பட்டுள்ளன, ஆட்கள் அணிவகுத்துள்ளனர், நடுவில் அல்லது சற்று முன்னே அதிகாரி காணப்படுகிறார். இலண்டனாயினும் நியூயார்க்காயினும் பம்பாயாயினும் இவ்வமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. வரலாற்று நூல்கள் இத்தகைய படங்களை அக்காலத் தீயணைப்புப் பணியின் நேரடிச் சான்றுகளாக எடுத்தாள்கின்றன. அவை காட்டுவது பணியையன்று, பணிக்கான ஆயத்தத்தையே என்பதும், பணியின் முதன்மையான கூறாகிய நீரும் அதனை இறைத்த மனிதரும் அவற்றில் மறைந்தே நிற்கின்றனர் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். 1995 முதல் மும்பை எனப் பெயர் பெற்ற பம்பாய் நகரம் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

தீ இடம்பெறாமைக்கு ஒளிப்படக்கலையின் நிலையும் ஒரு காரணம். 1851இல் அறிமுகமான ஈரத்தகட்டு முறையில் தகட்டில் மருந்து பூசி, அது உலர்வதற்கு முன்பே படமெடுத்துக் கழுவியாக வேண்டும். ஒளி விழும் நேரமும் நொடிக்கணக்கில் நீளும். இருட்டறையைக் கூடாரமாகச் சுமந்து செல்லும் கலைஞர் எரியும் வீட்டிற்கு உரிய நேரத்தில் போய்ச் சேர்வது அரிது. 1853இல் நியூயார்க் மாநிலத்து ஆஸ்வீகோவில் ஆலைகள் எரிந்தபோது ஜார்ஜ் பார்னார்டு என்பவர் வெள்ளித்தகட்டில் எடுத்த படங்கள் அரிய விதிவிலக்குகள். எனினும் காரணம் முழுவதையும் கருவியின்மேல் ஏற்றிவிட இயலாது. உலர் தகடுகள் பரவி, நொடியின் சிறு பகுதியில் படமெடுக்க இயன்ற பின்னரும் அணிவகுப்புப் படங்களே தொடர்ந்தன. படையை நடத்தும் நிறுவனம் தன் ஒழுங்கை ஊரார்க்குக் காட்ட விரும்பியதே இதற்குக் காரணமாகலாம்.

பம்பாயில் அந்நிறுவனம் உருவான வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 1803 பிப்ரவரியில் கோட்டைப் பகுதியில் மூண்ட பெருந்தீ கடைத்தெருக்களையும் வீடுகளையும் அழித்தது. அதன்பின் கோட்டையைச் சூழ்ந்த வெளி விரிவாக்கப்பட்டது. மக்கள் குடியிருப்பு கோட்டைக்கு வெளியே வடக்கு நோக்கி வளர்ந்தது. 1855 முதல் காவல் துறையின் கீழ்ப் பகுதிநேரத் தீயணைப்பு ஏற்பாடு ஒன்று இயங்கியது. 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் தீயிலிருந்து உயிரையும் உடைமையையும் காக்கும் பொறுப்பை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. 1890இல் இலண்டன் படையைச் சேர்ந்த டபிள்யூ. நிக்கோல்ஸ் தலைமை அதிகாரியானார். 1907இல் முதல் மோட்டார் வண்டி வந்தது. 1920 அளவில் குதிரை வண்டிகள் ஓய்ந்தன. எனவே குதிரையும் நீராவிப் பம்பும் முழுநேரப் படையினரும் ஒன்றாக இடம்பெறக்கூடிய காலம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளே. தேதியிடப்படாத படம் ஒன்றின் காலத்தை வரையறுக்க இவ்வெல்லைகள் பெரிதும் உதவும்.

இனிக் கருவிகளை நோக்குவோம். நீராவிக்கு முற்பட்ட கைப்பம்பில் வண்டியின் இருபுறமும் நீண்ட பிடிகள் இருக்கும். பலர் நின்று அவற்றை மாறி மாறி அழுத்தினால்தான் நீர் பாயும். களைத்தவர் விலக, வேறொருவர் அவ்விடத்தில் நிற்க வேண்டும். அதாவது கைப்பம்பு என்பது கருவி மட்டுமன்று, அது ஒரு கூட்டம். நீராவிப் பம்பு அக்கூட்டத்தின் உழைப்பை ஒரு கொதிகலனுக்கு மாற்றியது. செம்பும் பித்தளையும் மின்ன நிமிர்ந்து நிற்கும் அக்கொதிகலன் படமெடுப்போரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. படத்தில் அதன் புகைபோக்கியைக் கூர்ந்து நோக்குதல் நன்று. புகை இல்லையெனில் அடுப்பு மூட்டப்படவில்லை. வண்டி எங்கும் புறப்படவில்லை. துலக்கி வைத்த பித்தளையும் குளிர்ந்த அடுப்பும் சேர்ந்து நிற்பது, அன்றைய பொழுது படத்திற்காகவே ஒதுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமற் சொல்லும்.

தலைக்கவசமும் அத்தகையதே. இலண்டன் படையின் தலைவராக 1861 முதல் 1891 வரை விளங்கிய மேஸி ஷா, பாரிசு நகரப் படையைக் கண்டு பித்தளைத் தலைக்கவசத்தைத் தம் படைக்குக் கொணர்ந்தார். பேரரசின் பிற நகரங்களிலும் அது மதிப்பின் அடையாளமாயிற்று. வீடுகளில் மின்கம்பிகள் பெருகியபோது அதுவே தீங்காகும் என்றுணர்ந்து 1930களில் இலண்டன் அதனைக் கைவிட்டது. படத்தில் மிகுதியாக ஒளிர்ந்த பொருள் பயன்பாட்டில் இடர் தருவதாக முடிந்தது.

வண்ணம் பற்றிய ஒரு செய்தியை ஆய்வாளர் பலர் கருதுவதில்லை. பழைய தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு ஏற்றன. சிவப்பு அவற்றிற்கு இருளே. எல்லா நிறங்களையும் ஏற்கும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் விற்பனைக்கு வந்தன. ஆதலின் செந்நிற வண்டி பழைய படத்தில் கருமையாகத் தோன்றும். அதனைக் கொண்டு வண்டி கருப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது என முடிவுகட்டுதல் பிழை. இதே குறை மனித முகத்திலும் விளைந்தது. பழுப்பு நிறத் தோல் உள்ளதினும் கருமையாகப் பதிந்தது. வெளிறிய முகம் தெளிவாகப் பதிந்தது. வரிசையில் நிற்கும் இந்தியத் தீயணைப்பாளரின் கண்ணும் மூக்கும் நிழலுள் அமிழ்ந்துவிட, அருகில் நிற்கும் ஐரோப்பிய அதிகாரியின் மீசைமயிர் வரை எண்ணத்தக்கதாக அமைகிறது. படத்தின் கீழ் அதிகாரியின் பெயரும் வண்டியின் பெயரும் எழுதப்பட்டு, ஏனையோர் 'படையினர்' என்ற ஒரு சொல்லில் அடங்குவது இவ்வகைப் படங்களின் பொது வழக்கு. வேதியியலும் ஆட்சிமுறையும் ஒரே முகங்களை இருமுறை மறைத்துள்ளன எனலாம்.

நீரோ எப்படத்திலும் இல்லை. எத்துணை ஆற்றல் வாய்ந்த பம்பும் நீரின்றி வெறும் இரும்பே. பம்பாய்த் தீவில் பேராறு கிடையாது. 1860இல் விகார் ஏரி நீர் குழாய்வழி வரும்வரை கிணறுகளும் குளங்களுமே நகரின் நீர்நிலைகள். கோடையில் அவை வற்றும். பருத்திப் பொதிகளும் மரவீடுகளும் எளிதில் தீப்பற்றக் காத்திருப்பதும் அப்பருவத்தில்தான். பின்னர் 1879இல் துளசி ஏரியும், 1892இல் தான்சா நீரும் சேர்ந்தன. முழுநேரப் படை அமைந்ததும் தான்சா நீர் வந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தன என்பது கருதத்தக்கது. தெருக்குழாயில் அழுத்தத்துடன் நீர் வந்தாலன்றி நீராவிப் பம்புக்கு முழுப்பயன் இல்லை. ஆகவே படையின் வளர்ச்சியை வண்டிகளின் படங்களைக் கொண்டு மட்டும் எழுதுவது ஏரிகளை மறந்து எழுதுவதாகும். தோபி தலாவ், சி.பி. டாங்க், பாபுலா டாங்க் என நகரில் வழங்கும் பெயர்கள் தூர்ந்துபோன குளங்களின் நினைவைச் சுமப்பன. தீயணைப்பின் முதல் வரைபடம் அப்பெயர்களில்தான் உள்ளது.

படம் விட்டுவிட்டதை மொழி காத்து வைத்துள்ளது என்பதற்கும் பம்பாயே சான்று. மராத்தியில் தீயணைப்பு வண்டியை மக்கள் 'பம்ப' என்பர். குஜராத்தியில் அது 'பம்போ'. நீரிறைக்கும் கருவியைக் குறிக்கும் 'பொம்பா' என்ற போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து இவை பிறந்தன என்பர். அதே சொல் மலாய் மொழியில் 'பொம்பா' எனத் தீயணைப்புத் துறையின் பெயராகவே நிலைத்துள்ளது. போர்ச்சுகீசியத்தில் தீயணைப்பாளர் 'பொம்பெய்ரோ', பிரெஞ்சில் 'பொம்பியே', இரண்டும் பம்பை இயக்குபவர் என்ற பொருளன. மராத்தி வீடுகளில் வெந்நீர் காய்ச்சும் செம்புக் கலனுக்கும் 'பம்ப' என்றே பெயர். நம் வீடுகளில் 'பாய்லர்' என வழங்கியதும் அதுவே. தமிழில் 'தீயணைப்பு' என்னும்போது தீ முன்னிற்கிறது. ஆங்கிலப் பெயரிலும் அவ்வாறே. மேற்காட்டிய வழக்குகளில் நீரிறைப்பே முன்னிற்கிறது. கொதிகலனின் பளபளப்பில் படம் மறைத்த கைகளைச் சொல் மறக்கவில்லை.

தீயணைப்பாளர் பணியாற்றிய நாளைப் படம் எங்ஙனம் கண்டது என்பதற்கு 1944 ஏப்ரல் 14 கடுமையான சான்று. விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் என்னும் கப்பலில் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் பருத்திப் பொதிகளும் ஒருசேர ஏற்றப்பட்டிருந்தன. பிற்பகலில் பருத்தியில் புகை காணப்பட்டது. படையினர் தளத்தில் நின்று அடித்தளங்களுக்குள் நீரைப் பாய்ச்சிக் கொண்டிருந்தபோதே, மாலை நான்கு மணியைச் சற்றுக் கடந்து கப்பல் வெடித்தது. சிறிது நேரத்தில் மீண்டும் வெடித்தது. தீயணைப்பாளர் 66 பேர் மாண்டனர். இறந்த பொதுமக்கள், துறைமுகத் தொழிலாளர், படைவீரர் ஆகியோரின் தொகை குறித்து மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. போர்க்காலத் தணிக்கையால் செய்தி வாரக்கணக்கில் தடுக்கப்பட்டது.

அந்நாளின் படமாகப் பரவலாக அறியப்படுவது, கட்டடங்களுக்கு அப்பால் வானளாவ எழும் புகைத்திரளின் படம். தொலைவிலிருந்து எடுக்கப்பட்டது அது. தீயணைப்பாளர் நின்ற இடம் அப்புகையின் அடியில் உள்ளது. பழைய அணிவகுப்புப் படங்களில் தீ இல்லாமல் ஆட்கள் நின்றனர். இதில் தீ இருக்கிறது, ஆட்கள் இல்லை. ஏப்ரல் 14 நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1948இல் எம்.ஜி. பிரதான், பம்பாய்ப் படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியரானார்.

செய்ய வேண்டிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. மாநகராட்சியின் ஊதியப் பட்டியல்கள், ஓய்வூதியப் பதிவுகள், நிலைய நாட்குறிப்புகள் ஆகியவற்றில் எஞ்சியவற்றைத் தேடி, தேதி வரையறுக்கப்பட்ட படங்களோடு ஒப்பிட வேண்டும். சட்டைக் கழுத்துப்பட்டியில் எண் தெளிவாகப் பதிந்திருக்குமாயின், அவ்வெண்ணிலிருந்து ஒரு பெயரைச் சென்றடைய வாய்ப்புண்டு. முகம் இருண்டிருப்பினும் எண் உலோகத்தாலாயது. வெயில் பட்ட உலோகம் தகட்டில் நன்கு பதியும்.