இது யார் அவிழ்த்துவிட்ட காளை?

தலைப்பு: அரசு ரகசியமாகக் கண்காணிப்பது நாட்டைக் காக்கவா? நாற்காலியைக் காக்கவா?
அணி: நாற்காலியைக் காக்கவே!
இடம்: அலங்காநல்லூர்



உங்க ஊர் வழக்கம் ஒண்ணு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாடிவாசல்ல காளையை அவிழ்க்கும்போதே எந்த ஊர் மாடு, யார் மாடுன்னு மைக்குல சொல்லிடுவாங்க. ஆனா நடுவர் அவர்களே, நம்ம நாட்டிலே 20 வருஷம் ஒரு காளை ஓடுச்சு. யார் அவிழ்த்ததுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பேர் சொல்றாங்க! (சிரிப்பு)

நேதாஜி 1939-ல் நம்ம மதுரைக்கு வந்தவர். 1941 ஜனவரியில், வெள்ளைக்காரன் போலீஸ் கண்ணு வச்சிருந்த கல்கத்தா எல்ஜின் ரோடு வீட்டிலிருந்து ராத்திரியிலே காரில் தப்பிச்சார். அந்தக் காரை ஓட்டியவர் அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் குமார்.

நாடு விடுதலை அடைந்தது. அப்புறம் என்ன நடந்தது? 2015-ல் வெளியான கோப்புகள் சொல்லுது: 1948 முதல் 1968 வரை அதே குடும்பத்தை நம்ம உளவுத்துறை கண்காணிச்சிருக்கு. காரோட்டிய சிசிர் குமார், அவர் சகோதரர் அமியநாத் போஸ் இவங்க கடிதங்களைப் பிரிச்சு நகல் எடுத்திருக்கு. (சபையில் அமைதி)

யார் உத்தரவு? ஒரு சாரார், "நேருதான்" என்றார்கள். அமியநாத் ஜப்பானில் என்ன செய்தார் என்று 1957-ல் நேரு விசாரித்து எழுதிய கடிதத்தைக் காட்டினார்கள். மறுசாரார், "உளவுத்துறை உள்துறைக்குக் கீழே இருந்தது; முதலில் படேல், பிறகு நம்ம ராஜாஜி, அவங்களையும் கேளுங்க" என்றார்கள். இன்னும் சிலர், "வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், அப்படியே ஓடிடுச்சு" என்றார்கள்.

நான் கேக்கிறேன். நேரு மறைந்தது 1964-ல். கண்காணிப்பு நின்னது 1968-ல்! ஆள் போயாச்சு, வேலை நிக்கலையே? அப்போ அது ஆளோட குணமா, நாற்காலியோட குணமா? (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர் வள்ளுவரே ஒற்றாடல்னு அதிகாரம் வச்சார்னு சொன்னார். உண்மை. அதே அதிகாரத்திலே, ஒரு ஒற்றன் சொன்னதை இன்னொரு ஒற்றனை வச்சுச் சரிபாருன்னும் சொன்னாரே, அதை ஏன் விட்டீங்க? இன்னைக்குச் சரிபார்ப்பது யார்? 1996-ல் உச்சநீதிமன்றம், டெலிபோனை ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளர் உத்தரவு வேணும், 2 மாதம்தான், நீட்டித்தாலும் மொத்தம் 6 மாதத்தைத் தாண்டக்கூடாதுன்னு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனா அந்த உத்தரவை மறுஆய்வு செய்யற குழுவிலே இருப்பதும் அரசுச் செயலாளர்களே! மாட்டுக்காரரே நடுவரா இருந்தா மாடுபிடி வீரருக்கு நியாயம் கிடைக்குமா? (சிரிப்பு)

2021-ல் பெகாசஸ் பிரச்சினை வந்தது. உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 செல்போன்களை ஆராய்ந்து, 5-ல் தீய மென்பொருள் இருந்ததுன்னு சொன்னது. அது பெகாசஸ்தானா? உறுதியாச் சொல்ல முடியலை. அரசு ஒத்துழைக்கவில்லைன்னும் குழு சொன்னதா 2022-ல் நீதிமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது.

மணி அடிச்சிட்டாங்க, முடிச்சுக்கறேன். எல்லைக்கு அப்பால் எதிரியைக் கண்காணிங்க, கும்பிடுறோம். ஆனா காரோட்டி ஒரு தலைவனைக் காப்பாத்தினவரோட கடிதத்தைப் பிரிச்சது எந்த நாட்டைக் காக்க? பிரிச்சவன் பேரைச் சொல்லக்கூட ஆள் இல்லையே! பேர் சொல்லி அவிழ்க்காத காளை, நாற்காலிக்காக ஓடுற காளைதான் என்று தீர்ப்பு வழங்குங்கள். (கைதட்டல்)