எண்ணும் கையும்

ஓர் உலோகத் துண்டைத் தலைமயிர் அளவுகூடப் பிசகாமல் செதுக்குவது எப்படி? ஒரு காலத்தில் இதற்கு விடை ஒன்றுதான்: நல்ல கைகாரனாகத் தேடிப் பிடிக்க வேண்டும். இன்றோ கம்ப்யூட்டர் அந்தக் காரியத்தைச் செய்கிறது. கையிலிருந்த வித்தை கணக்குக்குப் போன இந்தக் கதை, நாவல் எழுதுகிறவனான எனக்கே பொறாமை உண்டாக்கும் கதை.

கதாநாயகர் ஜான் பார்ஸன்ஸ். அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து டிராவர்ஸ் ஸிட்டியில், ஹெலிகாப்டருக்குச் சுழல் இறகு செய்யும் தொழிற்சாலையில் பொறுப்பு வகித்தவர். கல்லூரிப் பட்டம் பெறாதவர். இறகின் வளைவுக்கு வரைபடத்தில் குறித்துக் கொடுத்தவை 17 புள்ளிகளே. இடைப்பட்ட வளைவை வரைகிறவர் கண்திட்டமாக இழுப்பார். அதன்படி தொழிலாளி மாதிரித் தகட்டை அரத்தால் ராவி எடுப்பார். எவ்வளவு தேர்ந்த கையானாலும் சிறு பிசகு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

பிராங்க் ஸ்டூலன் என்ற எஞ்சினீயர் அங்கே வேலைக்கு வந்தார். துளையிட்ட அட்டைகளால் கணக்கிடும் ஐ.பி.எம். யந்திரத்தைக் கொண்டு அந்த 17 புள்ளிகளை 200 ஆக்கினார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஒருவர் எண்களை உரக்க வாசிப்பார். மற்றொருவர் நெடுக்குச் சக்கரத்தைத் திருகுவார். இன்னொருவர் குறுக்குச் சக்கரத்தைத் திருகுவார். இந்த மூவர் வேலையை யந்திரத்திடமே விட்டுவிட்டால் என்ன என்று பார்ஸன்ஸ் நினைத்தார்.

1949இல் அமெரிக்க விமானப் படை இதற்குப் பணம் கொடுத்தது. பார்ஸன்ஸ், எம்.ஐ.டி. என்னும் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உதவியை நாடினார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பார்களே, அதுதான் நடந்தது. மறு வருஷமே கழகம் விமானப் படையோடு நேராக ஒப்பந்தம் செய்துகொண்டது. பார்ஸன்ஸ் வெளியே நின்றார்.

1952இல் அந்த யந்திரம் இயங்கிக் காட்டியது. துளையிட்ட காகித நாடா கட்டளையிட, மோட்டார்கள் மேஜையையும் வெட்டுக் கருவியையும் நகர்த்தின. சூட்சுமம் அடுத்தபடியில் இருக்கிறது. உண்மையில் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து திருப்பிச் சொல்ல ஓர் ஏற்பாடு இருந்தது. சொன்னதற்கும் செய்ததற்கும் வித்தியாசம் இருந்தால், அது தீரும்வரை மோட்டார் ஓயாது. மனிதர்களுக்குள்ளும் இப்படி ஒன்று இருந்தால் உலகம் எவ்வளவு நன்றாயிருக்கும்! பிற்காலத்தில் நாடாவின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டது, சூட்சுமம் மாறவில்லை.

அதே காலத்தில் வேறு வழியும் ஒன்று இருந்தது. தேர்ந்த தொழிலாளி ஒரு முறை செய்கிற வேலையை, பாட்டைப் பதிவதுபோல் காந்த நாடாவில் பதிந்து, யந்திரத்தை அப்படியே திரும்பச் செய்யவைத்தார்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார். அதில் வித்தை கைகாரரிடமே இருந்தது. ஆனால் அந்த வழி நிலைக்கவில்லை. பட்டறையின் அதிகாரத்தைத் தொழிலாளியிடமிருந்து ஆபீஸ் மேஜைக்கு மாற்ற நிர்வாகிகள் விரும்பியதும் இதற்குக் காரணம் என்று டேவிட் நோபிள் 1984இல் வெளியிட்ட சரித்திர நூலில் வாதிக்கிறார். அதில் நியாயம் உண்டு. ஆனால் விமான இறக்கையின் சிக்கலான வளைவுகளைக் கையால் செதுக்கிக் காட்டுவது எளிதல்ல என்பதையும் மறக்கலாகாது.

1985இல் பார்ஸன்ஸுக்கும் ஸ்டூலனுக்கும் அமெரிக்க அரசு தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அளித்தது. யோசனை சொன்னவருக்கு, யந்திரம் ஓடி 33 வருஷம் கழித்தாவது மரியாதை கிடைத்ததே என்று மகிழ்கிறேன். அரம் பிடித்துத் தகடு ராவிய தொழிலாளிகளின் பெயர்களையும் யாராவது எழுதி வைத்திருக்கலாம். அவர்கள் கை எட்டிய எல்லையிலிருந்துதானே எண்ணே புறப்பட்டது?