தொலைவும் சாதியும்: நீலகிரி மலையில் தொலைவழி மனநலச் சேவை

உதகமண்டலத்துக்கும் எமரால்டுக்கும் இடையே அமைந்த இத்தலார், தேயிலையும் மலைக்காய்கறியும் விளையும் ஊர். இவ்வூரையும் சுற்றியுள்ள குந்தா, மஞ்சூர் பகுதிகளையும் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவருக்கு மனநல மருத்துவரின் உதவி தேவைப்பட்டால், அவர் பெரும்பாலும் உதகைக்கோ கோயம்புத்தூருக்கோதான் செல்ல வேண்டும். அவரைத் தடுப்பது பேருந்துக் கட்டணத்தைவிட இழக்கவிருக்கும் ஒரு நாள் கூலியே. மழைக்காலத்தில் அந்தப் பாதையும் உறுதியில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் எமரால்டை அடுத்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

இத்தகைய நிலப்பரப்புக்குத் தொலைபேசி வழியாகவும் காணொளி வழியாகவும் வழங்கப்படும் மனநல ஆலோசனை பொருத்தமான தீர்வாக முன்வைக்கப்படுகிறது. அது எவ்வாறு இயங்குகிறது, அதைக் கோரும் சட்ட உரிமை எது, தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் வாழும் பட்டியலின மக்களுக்கு அது எந்த அளவு எட்டுகிறது என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது.

சலுகையன்று, உரிமை

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 18ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவைகளைப் பெறும் உரிமையை ஒவ்வொருவருக்கும் வழங்குகிறது. பாலினம், மதம், பண்பாடு, வர்க்கம், மாற்றுத்திறன் முதலியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று கூறும் அப்பிரிவு, சாதியையும் வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மருத்துவம் தொடர்பான ஒரு சட்டம் சாதியைப் பாகுபாட்டின் காரணியாக ஏற்றுக்கொண்டிருப்பது, செயற்பாட்டாளர்கள் கைக்கொள்ள வேண்டிய முக்கியமான ஆயுதமாகும்.

அதே பிரிவில் மலைவாழ் மக்களுக்கு நேரடியாகப் பொருந்தும் மற்றொரு கடமையும் உண்டு. மனநோய் கொண்ட எவரும் சேவை பெற நெடுந்தொலைவு பயணிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அவர் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கும் வீடற்றோர்க்கும் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்பட வேண்டும். 23ஆவது பிரிவு, நோயாளியின் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதை உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்றும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் 115ஆவது பிரிவு கூறுகிறது.

தமிழ்நாட்டில் தொலைவழி மனநலம்

தொலைவழி மனநலச் சேவை கொரோனாக் காலத்தில் தோன்றியது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தமிழ்நாட்டில் அதன் வரலாறு அதற்கு முந்தையது. 1984இல் சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் (ஸ்கார்ஃப்), 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் காணொளி வழி மருத்துவத்தில் ஈடுபட்டது. 2010இல் அந்நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய திட்டத்தில், காணொளிக் கருவிகள் பொருத்தப்பட்ட பேருந்து சிற்றூர்களுக்குச் சென்றது. சென்னையிலிருந்து மருத்துவர் திரைவழியாக நோயாளியுடன் உரையாடினார். தேவையான மருந்து அப்பேருந்திலேயே வழங்கப்பட்டது. உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தனர். தொழில்நுட்பமும் மருந்தும் மனிதரும் சேர்ந்து ஊருக்குள் வந்ததே அத்திட்டத்தின் வலிமை.

2020 மார்ச்சில் ஒன்றிய அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டில், பெங்களூருவிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்சும் இந்திய மனநல மருத்துவச் சங்கமும் தொலைவழி மனநல மருத்துவத்துக்குத் தனி வழிகாட்டுதலைத் தயாரித்தன. 2022 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘டெலி மானஸ்’ திட்டம், அவ்வாண்டு உலக மனநல நாளான அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்னும் பெயரில் இயங்குகிறது.

14416 எவ்வாறு செயல்படுகிறது?

14416 என்ற கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். இணைய வசதியோ திறன்பேசியோ தேவையில்லை. பொத்தான் கைப்பேசியே போதும். முதல் அடுக்கில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுகிறார்; தேவையெனில் மனநல வல்லுநரிடம் இணைக்கிறார். இரண்டாம் அடுக்கில், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேரடிச் சிகிச்சைக்காக அழைப்பவர் பரிந்துரைக்கப்படுகிறார். 2024 அக்டோபரில் செயலியும் காணொளி ஆலோசனையும் சேர்க்கப்பட்டன. 2025ஆம் ஆண்டில் நாடு முழுவதும் இச்சேவைக்கு வந்த அழைப்புகள் 20 இலட்சத்தைத் தாண்டின.

இதன் எல்லைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். தொலைவழியில் எல்லா மனநல மருந்துகளையும் எழுதித் தர இயலாது. சிலவற்றுக்கு முதற்சந்திப்பு காணொளியில் நிகழ வேண்டும், சில மருந்துகளுக்கு முற்றிலும் தடை உண்டு. உயிருக்கு ஆபத்தான நெருக்கடியில் தொலைபேசி உதவிக்கான தொடக்கமே. அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்வதற்கு அது மாற்றாகாது. எனவே தொலைவழிச் சேவையின் தரம், அதன் மறுமுனையில் ஊருக்கு அருகே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நீலகிரியில் அந்த மறுமுனை சற்று வலுப்பெற்றுள்ளது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு உரிய 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 2025 ஏப்ரலில் உதகையில் செயல்பாட்டுக்கு வந்தது. ஆயினும் நகரத்துக்கு வந்துள்ள மருத்துவமனை, தோட்டத்துக்கு வந்துவிட்டதாகப் பொருளாகாது.

யாருடைய மலை, யாருடைய மனச்சுமை?

2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. இதில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 32 விழுக்காடு. தமிழ்நாட்டில் இவ்விகிதம் மிக உயர்ந்துள்ள மாவட்டங்களுள் நீலகிரியும் ஒன்று. சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் நீலகிரியில் இந்த மூன்றில் ஒரு பங்கு மக்கள் இடம்பெறுவதேயில்லை.

இவர்களுள் கணிசமானோர் இலங்கையிலிருந்து வந்த மலையகத் தமிழர்களின் வழியினர். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 மக்களை இந்தியா ஏற்கும் என முடிவு செய்தது. யாருடைய வாழ்வு பங்கிடப்பட்டதோ அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அவ்வாறு அனுப்பப்பட்டோரின் மறுவாழ்வுக்காகத் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டமே 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான ‘டான்டீ’யாக உருவெடுத்தது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனத்தின் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க 2022இல் முடிவெடுக்கப்பட்டபோது, ஓய்வு பெற்ற பின்னும் தோட்டக் குடியிருப்பிலேயே வாழும் குடும்பங்கள் மீண்டும் வெளியேற்றப்படும் அச்சத்துக்கு ஆளாயின.

ஒரு தலைமுறை கடல் கடந்து அனுப்பப்பட்டது. அடுத்த தலைமுறை ‘சிலோன்காரர்’ என்ற அடைமொழியுடன் வளர்ந்தது. மூன்றாம் தலைமுறை சாதிச் சான்றிதழுக்காக அலுவலகங்களுக்கு அலைகிறது. இவர்களின் உறக்கமின்மையையும் பதற்றத்தையும் தனிமனிதரின் மனக்கோளாறாக மட்டும் பதிவு செய்வது வரலாற்றை மறைப்பதாகும்.

சிறு விவசாயிகளின் நிலங்களில் கூலிக்கு உழைப்போரின் நிலை இன்னும் நலிவானது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீட்டு வசதியையும் மருத்துவ வசதியையும் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. ஆனால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் கொண்ட தோட்டங்களே அதன் வரம்புக்குள் வந்தன. ஓரிரு ஏக்கர்த் தேயிலையில் கொழுந்து பறிப்பவருக்கு அந்தக் காப்பும் இல்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் நாட்டில் தற்கொலையால் இறந்தோர் 1,64,033 பேர். அவர்களுள் 42,004 பேர் தினக்கூலிகள். நான்கில் ஒருவர் கூலித் தொழிலாளி என்பதை இவ்வறிக்கை கூறுகிறது. அவருடைய சாதி என்ன என்பதை அதன் அட்டவணைகள் கூறுவதில்லை. கணக்கில் வராத துயரத்துக்குத் திட்டத்தில் இடம் கிடைப்பதும் அரிது.

தொலைபேசி கடக்காத தடைகள்

2015–16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வு, பொதுவான மனநலப் பாதிப்பு கொண்டோருள் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை எனக் கண்டறிந்தது. இந்த இடைவெளியைத் தொலைவழிச் சேவை குறைக்க வேண்டுமானால், குறைந்தது நான்கு தடைகள் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

முதலாவது, கைப்பேசி யார் கையில் உள்ளது என்பது. 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் நாட்டளவில் 54 விழுக்காட்டினரே. கணவர் அல்லது மகனின் கைப்பேசியில் ஒரு பெண் குடும்ப வன்முறையைப் பற்றிப் பேசிவிட முடியாது.

இரண்டாவது, தனிமை. ஒரே சுவரைப் பகிரும் லைன் வீடுகளில் ஒருவர் தாழ்ந்த குரலில் பேசினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடிச் சென்று பேசுபவருக்கு அங்கும் தனிமை கிடைப்பதில்லை. இரகசியத்தைக் காக்கும் சட்டப்பிரிவு ஆலோசகரின் அறையைக் காக்கலாம். அழைப்பவரின் அறையைக் காப்பதில்லை.

மூன்றாவது, மொழி. டெலி மானஸ் 20 மொழிகளில் பேசுகிறது. படகு, தோடா, கோத்தர், இருளர், குறும்பர், பணியர் மொழிகள் அவற்றுள் இல்லை. தமிழ் தெரிந்தவர்க்கும் ‘மன அழுத்தம்’, ‘பதற்றக் கோளாறு’ போன்ற சொற்கள் அயலானவை. ‘நெஞ்சு படபடக்கிறது’, ‘தலை பாரமாக இருக்கிறது’ என்றே அவர்கள் கூறுகின்றனர்.

நான்காவது, சாதி. தோட்ட மேற்பார்வையாளர் பெயரைச் சொல்லி அழைக்காமல் சாதிப் பெயரால் இழிவுபடுத்துகிறார் என்று ஒருவர் கூறும்போது, ‘அதைப் பொருட்படுத்தாதீர்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்’ என்ற அறிவுரை அவரது காயத்தை ஆழப்படுத்தும். அங்கே நிகழ்வது குற்றம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோர்க்கு மருத்துவ உதவியையும் சமூக, பொருளாதார மறுவாழ்வையும் உறுதி செய்யும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. அந்த மருத்துவ உதவிக்குள் உளவள ஆலோசனையும் அடங்கும் என்று கோருவதற்கு வலுவான நியாயம் உண்டு. சட்ட வழியைச் சுட்டாத ஆலோசனை, அநீதியோடு ஒத்துப்போகக் கற்பிக்கும் பயிற்சியாகச் சுருங்கிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஊரிலுள்ள ஆலோசகர் உள்ளூர்ச் சாதி உறவுகளுக்குள் இருப்பவராயின், அவரிடம் மனம் திறக்க அஞ்சும் ஒருவருக்குத் தொலைவே பாதுகாப்பாகிறது. ‘தி புளூ டான்’ போன்ற தலித்–பகுஜன் மனநல ஆதரவுக் குழுக்கள், சாதியின் வலியை விளக்காமலேயே புரிந்துகொள்ளும் ஆலோசகர்களை இணையவழியில் தேடியடையும் வாய்ப்பை முன்வைத்தது இதனால்தான்.

கல்லூரிகளின் பொறுப்பு

ரோகித் வேமுலா (2016), சேலத்தைச் சேர்ந்த ஜே.என்.யு. ஆய்வாளர் முத்துக்கிருஷ்ணன் (2017), மருத்துவர் பாயல் தட்வி (2019) ஆகியோரின் மரணங்கள் உயர்கல்வி வளாகங்களில் நிலவும் பாகுபாட்டைப் பொதுவிவாதமாக்கின. 2025 ஜூலை 25 அன்று சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனநலம் அரசமைப்பின் 21ஆவது உறுப்பு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை வகுப்பறைகளிலும் விடுதிகளிலும் பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். விளிம்புநிலை மாணவர்களைப் பாகுபாடின்றி நடத்த ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்றும் அது வழிகாட்டியது. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் இவை பின்பற்றப்படுகின்றனவா என்று மாணவர் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம்.

கோர வேண்டியவை

கோவாவில் சங்காத் அமைப்பு மேற்கொண்டு, 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அளித்த குறுகிய கால ஆலோசனை கடும் மனச்சோர்வைக் குறைத்ததைக் காட்டியது. நீலகிரியிலேயே கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையை நடத்தும் ‘அஸ்வினி’ அமைப்பு, ஆதிவாசிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்துப் பல்லாண்டுகளாகச் செயல்பட்டு வருகிறது. தோட்டக் குடியிருப்புகளிலிருந்து பட்டியலினப் பெண்களைத் தெரிவு செய்து, ஊதியம் வழங்கி, உளவள ஆலோசனைப் பயிற்சி அளிப்பது இயலாத கனவன்று என்பதற்கு இவை சான்று. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கட்டமைப்பை இதற்குப் பயன்படுத்தலாம்.

ஆரம்ப சுகாதார நிலையங்கள்தோறும் கதவடைத்துப் பேசத் தக்க ஓர் அறையும் காணொளி இணைப்பும். மனநல மருந்துகள் தொடர்ந்து கிடைப்பதற்கான உறுதி. 14416 ஆலோசகர்களுக்குச் சாதிய வன்கொடுமை குறித்தும் சட்ட உதவி குறித்தும் கட்டாயப் பயிற்சி. சேவை பெறுவோர் குறித்த சமூகவாரித் தரவுகளை, தனியடையாளம் வெளிப்படாமல், ஆண்டுதோறும் வெளியிடுதல். சிகிச்சை நாளுக்குக் கூலி இழப்பீடு ஆகியவை இத்துடன் எழுப்பப்பட வேண்டிய கோரிக்கைகள்.

மனநலச் சட்டம் கூறும் ‘அருகில்’ என்ற சொல்லைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது. தன்னை இழிவாக நோக்காத ஒருவரிடம், கூலியை இழக்காமல், பிறர் காதில் விழாமல் பேச முடிகிற இடமே அருகில் உள்ள இடம். இத்தலார்ப் பகுதியின் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அத்தகைய இடம் கிடைக்கிறதா என்பதைக் கொண்டே இத்திட்டம் மதிப்பிடப்பட வேண்டும்.

மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ உள்ளோர் 14416 அல்லது 104 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். சென்னையிலுள்ள சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண்: 044–24640050.