பெத்தோர்காவின் வெண்ணெய்ப்பழச் சாகுபடியும் நீர்வளமும்

பெத்தோர்கா, சிலி நாட்டின் வால்பரைசோ மண்டலத்தில் ஆண்டிஸ் மலைத்தொடருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் இடையே அமைந்த வறண்ட மாகாணமாகும். ஏற்றுமதிக்கான வெண்ணெய்ப்பழத் தோட்டங்கள், அதாவது அவகாடோ தோட்டங்கள், பெருகியதும் நெடிய வறட்சியும் ஒருசேர அதன் ஆறுகளையும் கிணறுகளையும் வற்றச் செய்தன.

மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இம்மரத்தின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை என்பதால், மேல்மண்ணின் ஈரம் குறைந்தால் பிஞ்சுகள் உதிர்ந்துவிடும். நடு சிலியிலோ மழை குளிர்காலத்தில்தான் பெய்கிறது. மரம் மிகுதியாக நீரைக் கேட்கும் கோடையில் பாசனமே கதி. கெட்டித் தோலுடைய ஹாஸ் வகைப் பழம் கப்பற்பயணத்தைத் தாங்குவதால் ஐரோப்பியச் சந்தை திறந்துகொண்டது. முன்பு பள்ளத்தாக்கின் அடியில் மட்டும் இருந்த தோட்டங்கள், சொட்டுநீர்ப் பாசனம் வந்தபின், உறைபனிக்குத் தப்பிய மலைச்சரிவுகளிலும் ஏறின. அங்கிருந்த இயற்கைப் புதர்க்காடு அழிக்கப்பட்டு, சரிவின் போக்கிலேயே பாத்திகள் அமைக்கப்பட்டதால் மண்ணரிப்பு கூடியது. சொட்டுநீர் முறை மரத்துக்கு மரம் நீரைக் குறைத்தாலும், மிஞ்சிய நீர் ஆற்றுக்குத் திரும்பாமல் புதிய மரங்களுக்கே போனதால், அதனைச் சேமிப்பு என்று கொள்வது பொருந்தாது.

எனினும் கேட்டின் வேர் மரத்தில் இருப்பதைவிடச் சட்டத்தில் இருக்கிறது. பினோசேயின் இராணுவ ஆட்சியில் 1981இல் இயற்றப்பட்ட நீர்ச் சட்டம், நீரைப் பயன்படுத்தும் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து, காலவரம்பின்றி வைத்துக்கொள்ளவும் விற்கவும் கூடிய தனிச் சொத்தாக்கியது. ஆற்றில் ஓடிய நீரைவிடத் தாளில் வழங்கப்பட்ட உரிமை மிகுந்தது. பெத்தோர்கா ஆறு 1997இலும், அண்டையிலுள்ள லா லிகுவா ஆறு 2004இலும், புதிய உரிமை வழங்க இயலாதபடி தீர்ந்துபோனவையாக அறிவிக்கப்பட்டன. அதன்பின் நிலத்தடி நீரின்மீது பாரம் ஏறியது. வசதி படைத்தோர் ஆழ்துளைக் கிணறுகள் தோண்ட, ஆழமற்ற கிணறுகளை நம்பிய சிறு விவசாயிகள் முதலில் வறண்டனர். 2010 முதல் தொடர்ந்த வறட்சியில் ஊர்மக்கள் குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நிற்க, மேலே சரிவுகளில் தோட்டங்கள் பசுமையாகவே இருந்தன. இந்த ஏற்றத்தாழ்வை இயற்கையின் சீற்றம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. மழை போதிய அளவு பெய்யும் மெக்சிகோவின் மிச்சோவகானில் இதே பயிரின் கேடு வேறு வடிவம் எடுக்கிறது: அங்கே தோட்டங்களுக்காகப் பைன், ஓக் காடுகள் வெட்டப்படுகின்றன.

பெத்தோர்காவில் நீருரிமைக்காக உருவான மொதாத்திமா இயக்கத்தின் முன்னணியாளரான ரொத்ரிகோ முந்தாகா, 2019இல் நியூரெம்பர்க் பன்னாட்டு மனித உரிமை விருதைப் பெற்று, 2021இல் வால்பரைசோ மண்டல ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2022இல் திருத்தப்பட்ட நீர்ச் சட்டம் மக்களின் குடிநீர்த் தேவைக்கு முன்னுரிமை அளித்து, புதிய உரிமைகளுக்கு முப்பதாண்டு வரம்பு விதித்தது. ஆனால் முன்னரே வழங்கப்பட்ட உரிமைகளுக்கு அவ்வரம்பு பொருந்தாது.