பாடம் செய்த எலிகள்

நான் விலங்கியல் விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் அருங்காட்சியகம் என்ற பெயரில் ஒரு சின்ன அறை இருந்தது. ஃபார்மலின் பாட்டில்களில் பாம்பும் தவளையும். கண்ணாடி அலமாரியில் பஞ்சடைத்துப் பாடம் செய்த எலி, அணில், வௌவால். ஒவ்வொன்றின் காலிலும் நூலால் கட்டிய அட்டை. பிடித்த ஊர், தேதி எல்லாம் அந்தக்கால ஆசிரியர் ஒருவரின் முத்து முத்தான கையெழுத்தில் இருக்கும். புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, "இந்தக் குப்பை எதற்கு சார்?" என்று கேட்டார்கள். கழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் நானும் கையெழுத்துப் போட்டேன். அன்று எனக்கு அது தவறாகப் படவில்லை. பிறகு படித்த சில செய்திகள் என் மனதை உறுத்த ஆரம்பித்தன.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரிலும் அக்கம்பக்கத்திலும் பல குழந்தைகளுக்கு மூட்டு வீங்கும் நோய் வந்தது. 1975-இல் அதை ஆராயத் தொடங்கினார்கள். உண்ணிக் கடியால் பரவும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று 1980களின் தொடக்கத்தில் தெரிந்தது. ஆனால் இது புதிதாக முளைத்த நோயா, ரொம்ப நாளாக இருந்து நாம் கவனிக்காததா? 1940களில் லாங் ஐலண்டில் பிடித்து அருங்காட்சியகத்தில் வைத்திருந்த உண்ணிகளில் அதே பாக்டீரியாவின் டிஎன்ஏ இருப்பதை 1990-இல் கண்டார்கள். பிறகு, 1894-இல் மாசசூசெட்ஸில் பிடித்த எலிகளின் காய்ந்த தோலிலும் அது கிடைத்தது. நோய்க்குப் பெயர் வைப்பதற்கு 80 வருடம் முன்பே கிருமி அங்கே இருந்திருக்கிறது.

இதற்கு உதவிய முறைதான் பிசிஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே சோதனை. கிருமியின் மரபுப் பொருளில் ஒரு துணுக்கு கிடைத்தால் போதும். அது ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். 30 சுற்றில் 100 கோடியைத் தாண்டிவிடும்.

இரண்டாவது சம்பவம் 1993 மே மாதம் நடந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தில், நல்ல உடற்கட்டுள்ள நவாஹோ பழங்குடி இளைஞர் ஒருவர், ஓட்டப்பந்தய வீரர், திடீரென்று மூச்சுத் திணறி இறந்தார். சில நாள் முன்புதான் அவருக்கு நிச்சயித்த பெண்ணும் அதே மாதிரி இறந்திருந்தாள். தொடர்ந்து இன்னும் சிலர். பத்திரிகைகளில் 'நவாஹோ காய்ச்சல்' என்று எழுதினார்கள். அந்த மக்களைக் கண்டாலே மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ராணுவத்தின் ரகசிய ஆயுதம் கசிந்துவிட்டது என்றுகூடப் பேச்சு கிளம்பியது.

சில வாரங்களிலேயே பிசிஆர் மூலம் அது ஹாண்டா வகை வைரஸ் என்று கண்டார்கள். மான் எலி என்னும் காட்டு எலியின் சிறுநீர், புழுக்கை கலந்த தூசியைச் சுவாசித்தால் தொற்றும். ஆனால் வைரஸ் எப்போது வந்தது? ஆல்பகர்க்கியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில், டெர்ரி யேட்ஸ் முதலானோர் முந்தைய ஆண்டுகளில் பிடித்த எலிகளின் திசுக்கள் உறைநிலையில் இருந்தன. அவற்றைச் சோதித்தபோது, 1993-க்கு முன்பே அந்த வைரஸ் அங்கே இருந்தது தெரிந்தது. ஆயுதமும் இல்லை, புதுக் கிருமியும் இல்லை. எல் நினோ மழையால் காட்டில் பைன் கொட்டைகள் ஏராளமாக விளைந்தன. தின்று கொழுத்த எலிகள் ஒரே ஆண்டில் சுமார் 10 மடங்காகிவிட்டன. கொட்டை நன்றாக விளைந்து எலி பெருகும் வருடங்களில் நோய் வரும், எலியை வீட்டுக்குள் விடாதே என்று நவாஹோ பெரியவர்கள் பரம்பரையாகச் சொல்லி வந்தது சரிதான். அந்த மக்கள் மேல் விழுந்த பழியைத் துடைத்ததில் செத்த எலிகளுக்கும் பங்கு உண்டு.

இதில் நம் ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. 1964-இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு 'தோட்டப்பாளையம் வைரஸ்' என்றே பெயர். அது எந்தக் குடும்பம் என்று அப்போது புரியவில்லை. பத்திரப்படுத்தி வைத்திருந்ததால், பல ஆண்டுகள் கழித்து அதுவும் ஹாண்டா குடும்பம் என்று இனம் காண முடிந்தது. இந்தக் குடும்பத்துக்கே பெயர் தந்த கொரியாவின் ஹாண்டான் வைரஸ் பிடிபட்டது 1970களின் பிற்பகுதியில்தான். நம்முடையது அதற்கும் மூத்தது! (பயப்பட வேண்டாம், அமெரிக்காவில் ஆளைக் கொன்றது வேறு வைரஸ்.)

எங்கள் பாட்டில்களால் பெரிய பயன் இருந்திருக்காது. ஃபார்மலின் மரபுப் பொருளைச் சிதைத்துவிடும். ஆனால் அந்தக் காய்ந்த தோல்கள்? ஊரும் தேதியும் எழுதிய அந்த அட்டைகள்? இன்று ஒருவர் வந்து, "ஐம்பது வருடம் முன்பு இந்த வட்டாரத்து எலியிடம் என்ன கிருமி இருந்தது?" என்று கேட்டால், காட்டுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ பள்ளி, கல்லூரியில் பணியில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். பழைய மாதிரிகளைக் கழிக்குமுன், சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் மையத்துக்கு ஒரு கடிதம் போடட்டும். காலில் கட்டிய அட்டையை மட்டும் அவிழ்க்க வேண்டாம். ஊரும் தேதியும் போய்விட்டால் அது வெறும் எலித்தோல்தான்.