பிணையாக வைக்கப்பட்ட சான்றிதழ்

கல்லூரியில் நூறு இடங்கள் உண்டெனில், நூறு பேரை அழைப்பதே முறையெனத் தோன்றும். ஆயின் அழைக்கப்பட்டோர் அனைவரும் வருவதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் முந்திய ஆண்டுகளின் வருகையைக் கணக்கிட்டு, பாதிப்பேரே சேர்வர் என்று கண்டால் இருநூறு பேருக்கு இடமளிக்கின்றன. கணக்குப் பிழைத்தால் விடுதியில் நெருக்கடி, அன்றேல் வகுப்பில் வெற்றிடம். அந்த இழப்பைத் தாங்குவது கல்லூரி.

நம் நாட்டிலோ தனியார் கல்லூரிகள் பலவற்றில் வேறொரு வழக்கம் வேரூன்றியது. வருகையை முன்கூட்டி மதிப்பிடுவதற்குப் பதிலாக, சேர்ந்தவரின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலையும் வாங்கிப் பூட்டி வைத்தனர். மேலான இடம் கிடைத்து விலக விரும்பியவர் கட்டிய பணத்தை இழந்தார். சில இடங்களில், எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தையும் செலுத்தினாலன்றிச் சான்றிதழ் கிட்டவில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், காட்டூர் வட்டாரத்து மீனவக் குடும்பமொன்றிலிருந்து முதன்முதல் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைக்கு அச்சான்றிதழே உடைமை. கட்டணமோ பெரும்பாலும் கடன். திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாதென்று உபாகமம் 24ஆம் அதிகாரம் விதித்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கல் போன வீட்டில் மாவில்லை. சான்றிதழ் போன பிள்ளைக்கு வேறு கல்லூரியில்லை.

பொறியியற் சேர்க்கைக்கென 1997இல் அண்ணா பல்கலைக்கழகம் ஒற்றைச் சாளர முறையைத் தொடங்கியது. மாணாக்கர் தரவரிசைப்படி கலந்தாய்வுக்கு நேரில் வந்து, எஞ்சிய இடங்களைப் பார்த்துத் தெரிந்தெடுத்தனர். ஊகம் பெருமளவு குறைந்தது. (மீன்பிடிக்கும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தை அறிந்த ஏரிக்கரை மக்களுக்கு இது புதுமையன்று.) எனினும், இடம் பெற்றபின் மருத்துவம் நாடிச் சென்றோர் விட்ட இருக்கைகள் வெறுமையாயின. 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது.

சான்றிதழ்ப் பிணையைத் தளர்த்தியது பல்கலைக்கழக மானியக் குழு. வகுப்புத் தொடங்குமுன் விலகுவோரிடம் 1,000 ரூபாய்க்கு மேல் பிடித்தல் கூடாதென்று 2007இல் அறிவித்தது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தரவேண்டும் என்று 2018இல் வரையறுத்தது. ஒரே செய்தியை ஈராறு ஆண்டுகளுக்குள் மீண்டும் மீண்டும் சொல்ல நேர்ந்ததிலிருந்தே வழக்கத்தின் வலிமை விளங்கும்.

இறையியல் மாணாக்கரைப் பெரும்பாலும் திருச்சபைகளே தெரிந்து அனுப்புவதால், நம் வகுப்பறைகளில் இச்சிக்கல் அரிது. ஆனால் திருச்சபை நடத்தும் பிற கல்லூரிகள் பல உள. அவற்றின் அலுவலக அலமாரிகளில் யாருடைய சான்றிதழ்கள் உள்ளன என்பதை, ஆட்சிக்குழுக்களில் அமரும் ஆயர்கள் அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம்.